பெயர் போடாமல் எழுதுகிறேன்

மகனே,

உன் பெயரை எழுதாமல் இதை ஆரம்பிக்கிறேன். கை ஒத்துழைக்க மறுக்கிறது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் மதிலை ஒட்டிய புங்கமரத்தடியில் உட்கார்ந்து ஊராருக்கு மனு எழுதியே தலை நரைத்தவன் நான். எவர் வந்து எதிரில் உட்கார்ந்தாலும் முதலில் பெயர், பிறகு தகப்பன் பெயர், கதவு எண், தெரு, வட்டம் என்று எழுதி முடித்துவிட்டுத்தான் அவருடைய கஷ்டத்துக்கே வருவேன். உன் பெயர் ஒன்றும் அபூர்வமானதில்லை. தேரடி வீதியில் நின்று உரக்கக் கூப்பிட்டால் பூக்கடையிலிருந்து ஒருவன், ஆட்டோவிலிருந்து ஒருவன் என்று நாலைந்து பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனாலும் எழுத மாட்டேன். தபாலில் போடலாம் என்றால், ஓசூரில் நீ இருக்கும் அறையில் யாருக்குக் கவர் வந்தாலும் முதலில் பார்ப்பவன் பிரித்துவிடுவான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அம்மாவிடம் கொடுத்துப் போனில் அனுப்பச் சொன்னால் அது சொந்தக்காரர்கள் குரூப்பில் போய் விழுந்தாலும் விழும். அதனால் நானே ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்பப் போகிறேன். படித்து முடித்ததும் அழித்துவிடு.

எழுதச் சொன்னதே நீதான். பஸ் ஸ்டாண்டில் ஓசூர் வண்டி கிளம்ப நேரமிருந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக, "அப்பா, நீயும் ஒரு வாட்டி எழுதிப் பாரேன். யாருக்கும் குடுக்க வாணாம். சும்மா, உனக்குனு" என்றாய். கிண்டல் செய்கிறாய் என்றுதான் நினைத்தேன். தெருவில் போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிற ஆளைப் பார்த்து உனக்காக எழுது என்றால் அவன் என்னத்தை எழுதுவான்? நீ போன பிறகு பலமுறை தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்துவிட்டேன். யாருக்கு என்று ஒரு ஆள் இல்லாமல் எனக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. கடைசியில் உனக்கே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். உனக்கு இப்படி எழுதப் பழக்கிய மேடம் சொன்ன விதிப்படி இது தப்புதான். தப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

உனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. பார், இதை எழுதுவதற்குள் எனக்கு எத்தனை சுற்று தேவைப்பட்டது. விதவைப் பென்ஷன் கேட்டு எத்தனையோ பெண்களுக்கு எழுதியிருக்கிறேன். அவர்களில் சிலர் புருஷன் எதில் போனான் என்று கேட்டால் மண்ணைக் கீறிக்கொண்டே "காச்சல்ல பூட்டாருங்க" என்பார்கள். நானும் மேற்கொண்டு கேட்காமல் "உடல்நலக் குறைவால் காலமானார்" என்று எழுதி அடுத்த வரிக்குப் போய்விடுவேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் தயாராக ஒரு சொல் இருந்தது. அந்தத் திமிரில் நானும் கொஞ்சம் நன்றாகத்தான் வாழ்ந்துவிட்டேன். நீ ஆறாவது படிக்கும்போது வயிற்றுவலி என்று லீவு லெட்டர் எழுதினாய், ஞாபகம் இருக்கிறதா? "ரொம்ப சாதாரணமா இருக்குது" என்று அதை வாங்கி, மேலே "பொருள்" என்று போட்டு, கீழே "இணைப்பு: மருந்துச் சீட்டு நகல்" என்றும் சேர்த்துக் கொடுத்தேன். வாத்தியார் அதை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்ட, உன் கூட்டாளிகள் அந்த வருஷம் முழுக்க உன்னை "மனுதாரரே" என்று கூப்பிட்டார்கள். நீ வந்து என்னிடம் சண்டை போட்டாய். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

உன் சுபாவம் எனக்குத் தெரியும். சண்டைக்கு வருவாயே தவிர வலிக்கிறது என்று வாயைத் திறக்க மாட்டாய். உன் சித்தப்பா கல்யாணத்தில் நீ சைக்கிளிலிருந்து விழுந்தாய். விழுந்ததை யாரிடமும் சொல்லவில்லை. முகூர்த்தத்துக்கு முன் காலை டிபன் பந்தியில் உட்கார்ந்து இடது கையால் சாப்பிட்டாய். "நாலு பேரு பாக்கற எடத்துல இன்னாடா பழக்கம் இது" என்று உன் அம்மா முதுகில் ஒரு அறை வைத்தாள். அப்புறம்தான் உன் வலது கை மடியில் வீங்கிப் போய்க் கிடப்பதைப் பார்த்து, "கைக்கு இன்னாடா ஆச்சு" என்றாள். "ஒண்ணும் இல்ல" என்றாய். அன்றைக்கு அவள் அழுத அழுகையில் பந்தியே எழுந்துவிட்டது. நீ மட்டும், "தாலி கட்டி முடியட்டும்னு இருந்தேம்மா" என்றாய். அந்த வயதில் அப்படிச் சொன்னதைக் கேட்டு எல்லாரும் உன்னைப் பெரிய மனுஷன் என்று தூக்கி வைத்துக்கொண்டாடினார்கள். நானும்தான். வலியை மறைப்பவன் நல்ல பிள்ளை என்று நாங்கள் அன்றைக்கு உன்னிடம் சொல்லிவிட்டோமோ என்னவோ.

துபாய் வேலைக்காகச் சென்னையில் மெடிக்கல் டெஸ்டுக்குப் போனபோது உனக்கு நிச்சயம் முடிந்திருந்தது. பெண் வீட்டார் மண்டபத்துக்கு அட்வான்ஸ்கூடக் கொடுத்துவிட்டார்கள். டெஸ்டில் உன்னைத் தள்ளிவிட்டார்கள் என்பது மட்டும்தான் முதலில் எனக்குத் தெரியும். மஞ்சள் காமாலையாக இருக்கும், கீழாநெல்லி கொடுத்தால் சரியாகிவிடும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நீ இங்கே பெரியாஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் இன்னொரு முறை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டு வந்து சமையலறை வாசலில் நின்றபடி சொன்னாய். உன் அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். நிறுத்தாமல் கடைசி வெங்காயம்வரை அரிந்தாள். பிறகு உனக்குச் சோறு போட்டாள். பாதி சாப்பிட்டுவிட்டு நீ எழுந்ததும், அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்து, நீ பார்க்கும்படி மிச்சச் சோற்றை வாரி வாரித் தின்றாள். "நடிக்காதம்மா" என்று கத்தினாய். அவள் நடிக்கவில்லை, வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். எனக்கும் அப்போது அப்படி ஒரு தட்டாவது கிடைத்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

உன்னை அனுப்ப இருந்த ஏஜெண்ட் நம் ஊர்க்காரன். அவன் போய்ப் பெண்ணின் தாய்மாமனிடம் சொல்லிவிட்டான். நல்லது செய்வதாக நினைத்துச் சொன்னானா, வாய் சும்மா இருக்காமல் சொன்னானா தெரியாது. நிச்சயம் முறிந்தது. நீ சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாய். எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். அட்டையும் தாளும் எடுத்துக்கொண்டு உன் கட்டிலருகில் உட்கார்ந்து, "அவன் ஆபீஸ் விலாசம் சொல்லு. எந்தத் தேதி சொன்னான்? கூட யாரு இருந்தாங்க?" என்று கேட்க ஆரம்பித்தேன். ஒருவனுடைய உடம்பு விஷயத்தை இன்னொருவன் எப்படி வெளியே சொல்லலாம், கலெக்டர் வரைக்கும் போகிறேன் பார் என்று குதித்தேன். நீ திரும்பாமலே, "மனுவுல என் பேரு போடணும் இல்லப்பா?" என்றாய்.

அதோடு கை நின்றுவிட்டது. பெயர் போடாத மனுவை எங்கள் தொழிலில் மொட்டை மனு என்போம். அதை யாரும் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள், பார்த்தாலும் கிழித்துப் போடுவார்கள். தேடி வந்து மொட்டை மனு எழுதச் சொன்னவர்களை அட்டையால் அடிக்காத குறையாக விரட்டியவன் நான். இப்போதோ, உன் விஷயத்தை நாலு பேரிடம் சொல்லிவிட்டான் என்று ஒருவன்மேல் புகார் கொடுக்க வேண்டுமானால், நான் அதை நாற்பது பேர் படிக்கும்படி பெயர், விலாசத்தோடு எழுத வேண்டும். கலெக்டர் வாசலில் நிற்கும் டபேதார் படிப்பார், கிளார்க் படிப்பார், தாலுகாவுக்கு அனுப்பினால் அங்கே இருப்பவர்கள் படிப்பார்கள், அவர்கள் எல்லாரும் என்னைத் தெரிந்தவர்கள். இதற்கென்று சட்டம் இருக்கிறது, பெயரை மறைத்தே வழக்கு நடத்தலாம் என்று பிறகு மேடம் சொன்னார். அதற்குள் உனக்கு எல்லாம் வெறுத்துப் போயிருந்தது. "பேர மறைச்சிடலாம்பா. அந்தப் பொண்ணு வூட்டுக்குத் தெரியாதா எவன்னு? உட்டுடு" என்றாய். விட்டுவிட்டேன். ஊருக்கெல்லாம் மனு எழுதியவனுக்குச் சொந்தப் பிள்ளைக்கு ஒரு வரி எழுத வழியில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மேடம் என்றால் மாத்திரை கொடுக்கும் மையத்தில் பேசி ஆறுதல் சொல்லும் கவுன்சிலர். மாத்திரை ஆரம்பித்த புதிதில் நீ அவரிடமும் வாய் திறக்கவில்லை. பேச முடியாதவர்களுக்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். மாத்திரை வாங்க வரும் நாளில் மாடி அறையில் உட்காரவைத்து ஆளுக்கொரு தாள் கொடுப்பார். மனதை எது அறுக்கிறதோ அதைக் கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் எழுத வேண்டும். பிழை பார்க்கக் கூடாது, அழகு பார்க்கக் கூடாது. யாரும் வாங்கிப் படிக்க மாட்டார்கள். கிழிக்கலாம், கொண்டுபோகலாம், அவரவர் இஷ்டம். இதை நீ வீட்டிலும் செய்ய ஆரம்பித்தாய். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் காபிக்கடையில் வேலை முடித்து வந்து, என் தாள் கட்டிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவாய். திரும்பி வரும்போது கண் சிவந்திருக்கும், கையில் தாள் இருக்காது. நகல் எடுக்காமல் ஒரு தாளையும் கையைவிட்டு அனுப்பாதவன் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை. எனக்கு அந்தத் தாள்மேல் பொறாமையாக இருந்தது. எங்களிடம் சொல்லாததை எல்லாம் அதனிடம் சொல்கிறாயே என்று. ஆனால் கொஞ்ச நாளில் அம்மாவிடம் ரசம் கேட்டுச் சாப்பிட்டாய். டிவியில் எதற்கோ சிரித்தாய். மாத்திரையை நேரத்துக்குப் போட்டாய். அம்மா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், ரெண்டு பேரும் கண்பட்டுவிடும் என்று ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

பிறகு நீயே ஒருநாள், "இந்த வாட்டி வூட்டு ஆளுங்களையும் கூட்டினு வரச் சொன்னாங்க. வரியாப்பா?" என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பழக்கதோஷத்தில் அட்டையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தேன். மாடி அறையில் எல்லாருக்கும் தாள் கொடுத்தார்கள். பேனாவைத் திறந்தவுடன் என் கை "பொருள்:" என்று எழுதிவிட்டது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. நீ எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். எனக்குப் பக்கத்தில் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஒரு அம்மா இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. என்னை அடையாளம் கண்டுகொண்டு, "நீதானே எனக்குப் பென்ஷனுக்கு எழுதிக் குடுத்த? இதையும் எழுதிக் குடு" என்றார். அப்பாடா, செய்யத் தெரிந்த வேலை வந்தது என்று நானும் எழுதினேன். மெதுவான குரலில் அவர் சொல்லச் சொல்ல எழுதி, திருப்பிப் படித்துக் காட்டினேன். அவர் முகம் சுளித்து, "நான் கெணத்தாண்ட போய் நின்னத எங்க போட்ட?" என்றார். போட்டிருந்தேன், என் முறையில். "மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளானேன்" என்று. "அதில்ல. நான் கெணத்தாண்ட நின்னேன். புள்ள பின்னாடியே வந்து சீலயப் புடிச்சிது. அத எழுது" என்றார். அப்படியே எழுத முயற்சி செய்து, கிணற்றைத் தாண்டி ஒரு வரியும் வராமல் பாதியில் தாளை அவரிடமே கொடுத்துவிட்டேன். அவரும் கோபித்துக்கொண்டு அதை மடித்துச் சுருக்குப்பையில் செருகிக்கொண்டார்.

அன்றைக்கு அத்தோடு முடிந்திருந்தால் எனக்கு வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சிரிக்க ஒரு கதை கிடைத்திருக்கும். கீழே இறங்கி மையத்து வாசலுக்கு வந்தபோது, யாரையோ பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்த ஒருவர், நான் பட்டா மாறுதலுக்கு எழுதிக் கொடுத்தவர், தூரத்திலிருந்தே, "இன்னா ரைட்டரே, கடைய இங்க போட்டுக்கினியா? உள்ள யாருக்கு மனு?" என்று சத்தமாகக் கேட்டார். தலைக்கு மேல் மையத்தின் போர்டு. நீ கொஞ்சமும் குரல் மாறாமல், "எனக்குத்தாங்க. நான்தான் இங்க மாத்திரை வாங்கறேன். அப்பா தொணைக்கு வந்தாரு" என்றாய். அந்த மனிதர் ஏதோ முனகிவிட்டுப் போய்விட்டார். ஆட்டோவில் வரும்போது உன் முகத்தில் பயமே இல்லை. "ஒண்ணும் ஆவல பாத்தியாப்பா? இத்தினி வாட்டி எழுதி எழுதி, சொல்லும்போது வார்த்த தானா வந்துடுச்சு" என்றாய். இடது கையால் சாப்பிட்ட பிள்ளை இப்படிப் பேசுகிறானே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இது எங்கே போய் முடியுமோ என்ற பயமும் கூடவே வந்தது. உண்மையைச் சொல்கிறேன், ரெண்டும் இருந்தது.

ஒன்றும் ஆகவில்லை என்றாயே, ஆனது. அந்த வாரமே காபிக்கடை முதலாளி உன்னைத் தனியாகக் கூப்பிட்டார். கெட்ட மனுஷர் இல்லை அவர். "ஆசிரமத்துக்கு வர்ற வெள்ளக்காரங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க தம்பி. நம்மாளுங்கதான் ஒரு மாதிரி பேசறாங்க. கொஞ்ச நாளு வூட்ல இரு" என்று சொல்லிச் சம்பளத்தையும் முழுசாகக் கொடுத்துவிட்டார். பட்டா மாறுதல்காரர் எங்கே யாரிடம் சொன்னார் என்று தேடிப் போய் என்ன பயன்? கேட்டார், நீ சொன்னாய், அவர் இன்னொருவரிடம் சொன்னார். என்னை ஊருக்கே தெரியும் என்பதால் உன்னையும் ஊருக்கே தெரிந்துவிட்டது. நான் வராமல் இருந்திருந்தால் அவர் உன்னைத் திரும்பியே பார்த்திருக்க மாட்டார். நீ ஆசையாகக் கூப்பிட்டாய், நான் ஆசையாக வந்தேன், இதில் எதை நான் செய்யாமல் இருந்திருக்க முடியும்? எத்தனை முறை புரட்டிப் பார்த்தாலும் எனக்கு விடை கிடைக்கவில்லை.

உனக்குத் தெரியாமல் மேடத்திடம் போய்க் கத்தினேன். "எழுது எழுதுனு சொல்லி அவன் வாயத் தொறந்து உட்டுட்டீங்க. மூடியே இருந்திருந்தா வேலையாச்சும் இருந்திருக்கும். இப்ப ஓசூர் போறேங்கறான்" என்றேன். சின்ன வயசுப் பெண், என் மகள் போல இருப்பார். ஏதாவது விளக்கம் சொல்வார், அதற்கும் சேர்த்துச் சண்டை போடலாம் என்று தயாராக இருந்தேன். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே, "எழுதினா உள்ள இருக்கற பாரம் கொஞ்சம் கொறையும்னு சொல்லலாம்ங்க. வெளிய இருக்கறவங்கள எழுதவெச்சி மாத்த எனக்கு வழி தெரியல" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. நான் சண்டையை மறந்து அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அவர் குடித்து முடித்ததும் எழுந்து வந்தேன்.

ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்துவிட்டது, ஆனால் உன் அறையில் ஆறேழு பேர் என்கிறாய். பெட்டிக்குப் பூட்டு இருந்தாலும் அது என்ன மாத்திரை என்று கேட்காத ஆள் இல்லை. சத்து மாத்திரை என்று சொன்னால், எனக்கும் ஒன்று கொடு என்கிறானாம் ஒருவன். ஷிப்ட் மாறி மாறி வருகிறது. எழுதலாம் என்றால் தனியாக உட்கார ஒரு படிக்கட்டுகூட இல்லை. ஃபைலை அந்தப் பக்கத்துச் சென்டருக்கு மாற்றிக்கொள் என்று மேடம் சொன்னதற்கு, அங்கே கம்பெனி ஆட்கள் யாராவது பார்த்துவிடுவார்கள், மாதாமாதம் இங்கேயே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாய். ஆனால் போன மாதம் நீ வரவில்லை. வீட்டு ஆள் நம்பர் என்று என் நம்பரைக் கொடுத்திருந்ததால் மேடம் எனக்குப் போன் செய்தார். உனக்குப் போட்டால், "லீவு கெடைக்கல. பாத்துக்கறேம்பா" என்றாய். கையில் மாத்திரை மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்குது" என்றாய். உன் குரல் எனக்குத் தெரியாதா? அன்று பந்தியில் அம்மா, "கைக்கு இன்னாடா ஆச்சு" என்று கேட்டபோது, "ஒண்ணும் இல்ல" என்று சொன்ன அதே குரல். மாத்திரை நின்று நின்று போனால் கிருமி அதற்குப் பழகிவிடும், அப்புறம் அந்த மாத்திரை கேட்காது என்று மேடம் எனக்கு ரெண்டு முறை விளக்கிச் சொன்னார். ரெண்டு முறையும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

நேரில் வந்து உன் பெட்டியைத் திறந்து பார்க்கலாம் என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். கிருஷ்ணகிரி வழியாகப் போகும் வண்டி நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தும்விட்டேன். ஒரு அப்பன் திடீரென்று வந்து பிள்ளையின் பெட்டியைக் குடைந்தால் அறையில் இருப்பவர்கள் என்ன ஏது என்று கேட்க மாட்டார்களா? நான் வந்து நின்ற இடமெல்லாம் உனக்கு வினையாக முடிந்திருக்கிறது. கண்டக்டர் டிக்கெட் கேட்க வரும் முன் இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்தால் உன் அம்மா, "போவலியா?" என்றாள். "கூட்டம் ஜாஸ்தி" என்றேன்.

பெற்றவன் என்றால் நாலு புத்தி சொல்ல வேண்டும். என்னிடம் இருப்பதைச் சொல்கிறேன், உபயோகப்பட்டால் எடுத்துக்கொள். மாத்திரையை வேறு டப்பாவில் மாற்றிக்கொள்ள வேண்டுமானால் மாற்றிக்கொள், வெட்கப்படாதே. ஆனால் சத்து மாத்திரை என்று சொல்லாதே, வாயுக்கு என்று சொல், எவனும் பங்கு கேட்க மாட்டான். எழுத இடமில்லை என்றால் பஸ்ஸில் எழுது, பார்சல் கட்டி வந்த தாளில் எழுது, எழுதி ஜன்னல் வழியாக விட்டுவிடு. ஒழுங்காக மாத்திரை போட்டால் கல்யாணம் குழந்தை எல்லாம் உண்டு என்று மேடம் அடித்துச் சொல்கிறார். நாளைக்கு ஒரு பெண் வந்தால் அவளிடம் நீயே முதலில் சொல்லிவிடு. வாசலில் நின்று அந்த மனிதரிடம் சொன்னாயே, அந்தக் குரலிலேயே சொல். அப்படிச் சொன்னதால் உன் வேலை போனது, எனக்குத் தெரியும். அப்படியும் அந்தக் குரலைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. இது உனக்கு எப்படி வந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எப்போது, எங்கே, யார் மூலம் என்று ஆளைத் துளைத்தெடுத்துப் பிழைப்பவன் உன்னிடம் மட்டும் கேட்கவில்லை. அப்பா எவ்வளவு பெருந்தன்மை என்று நீ நினைத்திருந்தால் அதை விட்டுவிடு. பயத்தில் கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ என்று பயம், சொன்னால் என் முகம் மாறிவிடுமோ, அதை நீ பார்த்துவிடுவாயோ என்று பயம். எனக்கு முன்னால் நீ போய்விடுவாயோ என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் பயம். இதை எழுதியே விட்டேன். மேடம் சொன்னாரே பாரம் குறையும் என்று, எனக்குக் குறையவில்லை. ஒருவேளை இதற்கும் நாள் பிடிக்குமோ என்னவோ.

இப்படி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று போனில் நானே சொல்லப்போக, அடுத்த கூட்டத்தில் மற்ற வீட்டு ஆட்களுக்கு இதை வாசிக்கலாமா என்று மேடம் கேட்டிருக்கிறார். பெயர் இல்லாமல்தான். நீ சரி என்றால் கொடுக்கிறேன், வேண்டாம் என்றால் இங்கேயே கிழித்துவிடுகிறேன்.

வருகிற வியாழக்கிழமை உனக்கு மாத்திரை தேதி. நான் உள்ளே வர மாட்டேன். வாசலிலும் நிற்க மாட்டேன். ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரில், ரோட்டின் இந்தப் பக்கம் இருக்கிற டீக்கடை பெஞ்சில் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுவேன். நீ பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தால் என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளாதே. திரும்பிப் பார்க்காமல் நேரே உள்ளே போ. வாங்கிக்கொண்டு அப்படியே ஓசூருக்கு வண்டி ஏறுவதாக இருந்தாலும் ஏறு, வீட்டுக்கு வந்துதான் ஆக வேண்டும் என்று அம்மாவும் சொல்ல மாட்டாள். நீ கேட்டைத் தாண்டுவதைப் பார்த்துவிட்டால் நான் எழுந்து போய்விடுவேன். நீ வராவிட்டால் இன்னொரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை, கண்ணு.

அப்பா